அறிவின் எல்லையும் அடக்கமும்: புனே மகாபாரதச் செம்பதிப்பை முன்வைத்து

கற்றவருக்கு அடக்கம் வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆனால் அந்த அடக்கம் எதில் அடங்கியிருக்கிறது என்று கேட்கும்போது கிடைக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் நிற்கின்றன. பணிவான பேச்சு, மூத்தோரிடம் காட்டும் மரியாதை, தன்னைத் தாழ்த்திச் சொல்லும் முகவுரை ஆகியவற்றை அடக்கம் என்று கொள்வது ஒரு பார்வை. தமக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் உள்ள கோட்டைத் தாமே வரைந்து, பிறர் சரிபார்க்கும்படி அதை வெளியில் வைக்கும் செயலை அடக்கம் என்று கொள்வது மற்றொரு பார்வை. முதலாவது ஒருவருடைய குணத்தைச் சார்ந்தது. இரண்டாவது அவர் செய்யும் வேலையின் முறையைச் சார்ந்தது. குணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது அந்த மனிதரோடு போய்விடும். முறையோ எழுத்தில் நின்று, அவரை அறியாத தலைமுறைக்கும் பயன்படும். அறிவின் எல்லையைப் பற்றிய விவாதத்தில் இந்த இரண்டாவது பார்வைக்கு உரிய இடம் இதுவரை கிடைக்கவில்லை. அதை எடுத்துக்காட்டோடு ஆராய்வதற்குப் புனே நகரில் நாற்பத்தேழு ஆண்டுகள் நடந்த ஒரு பதிப்புப் பணியைப் போலப் பொருத்தமான களம் இந்தியாவில் வேறு இல்லை.

தமிழ் மரபில் இந்தக் கேள்விக்கு மிக நுட்பமான அடித்தளம் திருக்குறளில் இருக்கிறது. 'அடக்கமுடைமை' என்ற அதிகாரமே பெரிதும் எடுத்தாளப்படுகிறது என்றாலும், அறிவைப் பற்றிய அடக்கத்துக்கு அதைவிட நெருக்கமானது 'புல்லறிவாண்மை' என்ற அதிகாரம். அறிவுடையோம் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் செருக்கையே வள்ளுவர் அங்கே அறிவின்மைக்கு இலக்கணமாகத் தருகிறார். அதற்கடுத்த குறளின் கருத்து இன்னும் கூர்மையானது: கற்காத ஒன்றைக் கற்றதாகக் காட்டிக்கொள்பவர், குற்றமறக் கற்ற மற்றொன்றிலும் பிறருக்கு ஐயம் உண்டாகும்படி செய்துவிடுகிறார். எல்லையை ஒப்புக்கொள்வது வெறும் நற்பண்பாக இங்கே பேசப்படவில்லை. எல்லைக்குள் உள்ள உறுதியான அறிவைக் காப்பாற்றும் வேலியாகப் பேசப்படுகிறது. இதே வள்ளுவர் 'அவையஞ்சாமை' என்று மற்றோர் அதிகாரம் வகுத்து, கற்றதை அவையில் அஞ்சாமல் சொல்லத் தெரியாதவரின் கல்வி பயனற்றது என்றும் கூறுவதால், அடக்கத்தின் பெயரால் வாய்மூடி இருப்பதற்கு அவரிடம் இடமில்லை. அறியுந்தோறும் முன்னைய அறியாமை புலப்படுகிறது என்ற அனுபவத்தை அவர் காமத்துப்பாலில், காதலியைச் சேருந்தோறும் தோன்றும் புதுமைக்கு உவமையாக வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. அறியாமையைக் காண்பதை அவர் இழிவாகக் கருதவில்லை, இன்பத்துக்கு ஒப்பாகவே கருதினார்.

கேன உபநிடதம் பிரம்மத்தை அறிந்துவிட்டதாக எண்ணுபவரை அறியாதவர் பக்கமே நிறுத்துகிறது. ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸ் தம் அறியாமையை அறிந்திருப்பதில் மட்டுமே தமக்கு மேன்மை உண்டு என்றார். இவை எங்கும் பேசப்படுபவை ஆதலால் விரிக்கத் தேவையில்லை. ஆயினும் இவற்றைப் படிப்பவருக்கு ஒரு சிக்கல் எழாமல் போகாது. எல்லாவற்றையும் பொதுவாக 'அறியேன்' என்று சொல்வது எளிது. இந்தச் சொல்லை அறிவேன், அடுத்த சொல்லில் ஐயம் உண்டு, அதற்கடுத்ததை அறியேன் என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். தமிழ்க் காப்பியங்களின் தொடக்கத்தில் வரும் அவையடக்கம் அழகிய மரபு. பாற்கடலைக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டு, அதன் பின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார். அந்தப் பணிவு உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் காவியத்தில் எந்த இடத்தில் கவிஞருக்கே உறுதி குறைவு என்பதை அது வாசகருக்குச் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய கடமையும் கவிஞருக்கு இல்லை. அந்தக் கடமை அறிஞருக்கு உண்டு.

புனே இத்தகைய கடமை நன்கு உணரப்பட்ட ஊர். வடமொழி அறிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரின் எண்பதாம் பிறந்தநாளான 1917 ஜூலை 6 அன்று அவர் பெயரில் ஒரு கீழைத்தேய ஆய்வு நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. அவர் தம் நூலகத்தை அதற்கு அளித்தார். பம்பாய் அரசு பல பத்தாண்டுகளாகத் திரட்டி டெக்கான் கல்லூரியில் வைத்திருந்த சுவடிகள் மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்தன. அந்நிறுவனம் முதலில் ஏற்றுக்கொண்ட பெரும்பணி மகாபாரதச் செம்பதிப்பு. செம்பதிப்பு என்பது, ஒரு நூலின் கிடைக்கும் சுவடிகளையெல்லாம் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, அவற்றின் வேறுபாடுகளை, அதாவது பாடபேதங்களை, பதிவுசெய்து, சான்றுகள் அனுமதிக்கும் மிகப் பழைய வடிவத்தைக் கண்டெடுத்துத் தரும் பதிப்பு. இந்தத் தேவையை 1897-இல் பாரிஸில் கூடிய கீழைத்தேய அறிஞர் மாநாட்டில் மாரிஸ் விண்டர்னிட்ஸ் முன்வைத்திருந்தார். ஐரோப்பியக் கழகங்கள் கூடித் தொடங்கிய முயற்சி 1908-இல் ஹைன்ரிக் லூடர்ஸ் வெளியிட்ட மாதிரிப் பக்கங்களைத் தாண்டிப் பெரிதாக வளருமுன் முதல் உலகப் போரில் நின்றுபோயிற்று. அவுந்து சமஸ்தானத்து அரசரின் நன்கொடை வாக்குறுதியோடு புனே நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. 1919 ஏப்ரலில் வேலை தொடங்கியது. 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் நிறைவு விழா நடந்தது. 1,259 சுவடிகள், 19 தொகுதிகள், 89,000-க்கும் மேற்பட்ட சுலோகங்கள் என்று அப்பணியின் பரப்பைக் கணக்கிடுவது வழக்கம்.

இந்தப் பரப்பைவிட முக்கியமானது அதன் முறை. 1925-இல் முதன்மைப் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற விஷ்ணு சீதாராம் சுக்தங்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டுப் பெர்லினில் லூடர்ஸிடம் மொழியியல் பயின்றவர். அவர் முன் இருந்த சிக்கல் எளியதன்று. ஆதிபருவத்துக்கு மட்டும் அன்று அறியப்பட்டிருந்த சுவடிகள் ஏறத்தாழ 235. அவற்றுள் 107 தேவநாகரியிலும், 32 வங்காள எழுத்திலும், 31 கிரந்தத்திலும், 28 தெலுங்கிலும், 26 மலையாளத்திலும், மற்றவை நேபாளி, சாரதை முதலிய எழுத்துகளிலும் இருந்தன. தென்னாட்டுச் சுவடிகளில் வடநாட்டில் இல்லாத கதைகள். வடநாட்டில் உள்ளவை சில தெற்கில் இல்லை. ஒரே எழுத்தில் எழுதப்பட்ட இரண்டு சுவடிகள் கூட ஒத்துப்போவதில்லை. பயன்படுத்தப்பட்ட சுவடிகளுள் ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழையது 1511-ஆம் ஆண்டுக்குரிய ஒரு நேபாளச் சுவடி. இதிகாசம் உருப்பெற்றதாகக் கருதப்படும் காலத்துக்கும் அந்தச் சுவடிக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதை எந்தத் திறமையாலும் தூர்க்க முடியாது.

ஒப்பீடு நடந்த விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். கட்டம் கட்டமாகக் கோடிட்ட தாள்களில், அன்று பரவலாக வழங்கிய வழக்குப் பதிப்பின் சுலோகம் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக மேல்வரிசையில் எழுதப்படும். அதன்கீழ் ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு வரிசை உண்டு. சுவடியைப் படிப்பவர் வேறுபடும் எழுத்தை மட்டும் அதற்கு நேரான கட்டத்தில் எழுதுவார். ஒரு வரிசை வெறுமையாக இருந்தால் அந்தச் சுவடி மேல்வரிசையோடு ஒத்துப்போகிறது என்று பொருள். இந்த வேலை புனேயில் மட்டும் நடக்கவில்லை. தென்னாட்டுச் சுவடிகளுக்குத் தஞ்சை சரசுவதி மகாலிலும் வங்கச் சுவடிகளுக்குச் சாந்திநிகேதனிலும் ஒப்பீட்டு மையங்கள் இயங்கின. கிரந்தமும் மலையாளமும் படிக்கத் தெரிந்த தென்னாட்டார் இல்லாமல் புனேயின் பெரும்பணி ஓரடி நகர்ந்திருக்காது என்பது தமிழ் வாசகர் நினைவில் வைக்கத்தக்கது. அந்தத் தாளின் அமைப்பிலேயே ஓர் அறிவுநெறி இருக்கிறது: படிப்பவர் தம் கருத்தைச் சொல்ல அதில் கட்டம் இல்லை, கண்ணுக்குத் தெரிந்த எழுத்தை அதற்குரிய இடத்தில் வைப்பதோடு அவர் பணி முடிகிறது, தீர்ப்பு பின்னால் வேறொருவர் பொறுப்பில் வருகிறது.

தீர்ப்புக்கு அடிப்படையாகச் சுக்தங்கர் கொண்ட கொள்கை எளிதில் விளங்கக்கூடியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மரபுகள் ஒரு பாடத்தில் ஒத்துப்போனால், அந்தப் பாடம் அவை பிரிவதற்கு முன்பே இருந்த பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். காஷ்மீரத்துச் சாரதைச் சுவடிகளும் கேரளத்து மலையாளச் சுவடிகளும் நிலத்தின் இரு கோடிகளில் வாழ்ந்தவை. ஒன்றையொன்று பார்த்து எழுத வாய்ப்புக் குறைந்தவை. இந்த இரண்டும் சேர்ந்து ஒன்றை விட்டுவிட்டால் அது பிற்காலத்து இடைச்செருகலாக இருக்கக்கூடும் என்பது வலிமையான சான்று. இரண்டு பாடங்களில் எது பழையது என்பதில் குழப்பம் வந்தால், படியெடுப்பவர் கடினமான சொல்லை எளிதாக்குவாரே தவிர எளிதைக் கடினமாக்க மாட்டார் என்பதால், கடினமான பாடத்துக்கு முன்னுரிமை தரப்பட்டது. சுவடியில் எங்குமில்லாத சொல்லைப் பதிப்பாசிரியரே ஊகித்துச் சேர்ப்பது மிக அரிதாகவே அனுமதிக்கப்பட்டது.

இவ்வளவு செய்த பிறகு 1933-இல் ஆதிபருவத்தின் முகவுரையில் சுக்தங்கர் எதை உரிமை கொண்டாடினார் என்பதுதான் இக்கட்டுரையின் மையம். வியாசர் இயற்றிய மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. இதிகாசத்தின் முதல் வடிவம் இதுவே என்றும் சொல்லவில்லை. கிடைத்திருக்கும் சுவடிகளைக் கொண்டு ஓரளவு நம்பிக்கையோடு எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். இந்த எல்லையை முகவுரையில் சொல்லிவிட்டு உள்ளே மறந்துபோகும் நூல்கள் ஏராளம். சுக்தங்கர் அதைப் பக்கந்தோறும் கொண்டு சென்றார். சான்றுகள் பிளவுபட்டு, தேர்ந்தெடுத்த பாடம் முழு உறுதி உடையதாக இல்லாத இடங்களில், அந்தச் சொல்லின் கீழ், சில சமயம் ஒரே ஓர் அசையின் கீழ், ஒரு நெளிகோடு அச்சிடப்பட்டிருக்கிறது. மேலே சுலோகம், நடுவில் நெளிகோடு, பக்கத்தின் அடியில் எந்தச் சுவடி என்ன சொல்கிறது என்ற பட்டியல் என்று அமைந்த அந்தப் பக்கத்தைப் படிப்பவர், பதிப்பாசிரியரின் முடிவையும் அந்த முடிவில் அவருக்கிருந்த நம்பிக்கையின் அளவையும் அந்த முடிவை மறுக்கத் தேவையான சான்றுகளையும் ஒரே பார்வையில் பெறுகிறார். தம்மை எதிர்ப்பவருக்குத் தேவையான கருவியைத் தாமே தயாரித்துக் கொடுத்திருப்பது சாதாரணப் பணிவு அன்று. நெளிகோடு இட்டவர் முடிவெடுக்காமல் நழுவவும் இல்லை; சொல்லைத் தேர்ந்தெடுத்தே தீர்ந்தார், அதன் உறுதி எவ்வளவு என்பதையும் உடன் சொன்னார். அடக்கமும் அவையஞ்சாமையும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்கு அச்செழுத்தில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

விலக்கப்பட்டவற்றைப் பதிப்பாசிரியர்கள் நடத்திய விதமும் இதே நெறியைச் சேர்ந்தது. வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற கதை மூலப்பாடத்தில் இடம்பெறாமல் பின்னிணைப்புக்குச் சென்றது. பொது விநாயகர் விழா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்டு வளர்ந்த அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த முடிவை எடுக்க எவ்வளவு நேர்மை வேண்டியிருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது சபாபருவம். தெருக்கூத்தில் விடிய விடியக் கண்டு பழகிய துகிலுரி காட்சியில் திரௌபதி கண்ணனைக் கூவி அழைப்பதும் அவன் ஆடை வழங்குவதும் மையமானவை. வில்லிபுத்தூராரும் பாரதியும் அவ்வாறே பாடினார்கள். பிராங்க்ளின் எட்ஜர்டன் பதிப்பித்த சபாபருவத்தில், மூலப்பாடத்தில் ஆடை மேலும் மேலும் வருகிறதே தவிர, அந்த வேண்டுதலும் கண்ணன் பெயரும் இல்லை. அவை அடிக்குறிப்பில் உடுக்குறியிட்ட வரிகளாக, எந்தெந்தச் சுவடிகளில் உள்ளன என்ற விவரத்தோடு, ஓர் எழுத்தும் குறையாமல் தரப்பட்டிருக்கின்றன. விலக்கியதை அழிக்காமல் வைத்திருப்பது பக்திக்குக் காட்டிய சலுகை அன்று. எதிர்காலத்தில் வேறு சான்று கிடைத்தால் தீர்ப்பைத் திருத்த வேண்டியிருக்கும் என்ற எண்ணம் இல்லாதவர் அவற்றை அச்சிடும் செலவை ஏற்றிருக்க மாட்டார்.

வேறு சான்று கிடைக்கவும் செய்தது. ஆதிபருவம் வெளிவந்த சில ஆண்டுகளில் நேபாள அரசகுருவான ஹேமராஜ பண்டிதரிடமிருந்து மிகப் பழைய சுவடி ஒன்றைப் பற்றிய செய்தியும் அதன் பாடங்களும் சுக்தங்கருக்கு வந்து சேர்ந்தன. அதுவரை எவரும் பயன்படுத்தாத அந்தச் சுவடி, அவர் விலக்கிய பகுதிகள் பலவற்றை விலக்கியும் அவர் ஊகித்த பாடங்கள் சிலவற்றை உறுதி செய்தும் நின்றது. எல்லையைக் குறித்து எழுதப்பட்ட முடிவுக்குத்தான் இத்தகைய சோதனை பொருள்படும். எதற்கும் வளைந்துகொடுக்கும்படி பொதுவாகச் சொல்லப்பட்ட முடிவைப் புதிய சுவடி எதுவும் உறுதி செய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இந்த நெறி முழுவதும் ஜெர்மனியிலிருந்து இறங்கியது என்று கருதுவது பிழை. புனேக்கு அருகிலுள்ள ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதி இருக்கிறது. அவர் கீதைக்குச் செய்த மராத்தி உரையான ஞானேசுவரி 1290-இல் நிறைவுற்றது. மூன்று நூற்றாண்டுகளில் அதில் பிழைகளும் செருகல்களும் புகுந்துவிட்டதைக் கண்ட பைதணத்து ஏகநாதர், பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டு 1584-இல் திருந்திய பாடத்தை நிறுவினார். சமாதிக்குள் ஒரு மரத்தின் வேர் ஞானேசுவரரின் கழுத்தைச் சுற்றியிருப்பதாகக் கனவில் உணர்ந்து ஏகநாதர் ஆளந்திக்கு வந்தார் என்பது வாரகரி என்னும் மராத்திய பக்தி மரபில் வழங்கும் கதை. தாமே பெருங்கவிஞராக இருந்தும் தம் கவித்திறத்தை அதில் கலக்காமல் விலகி நின்றதும், இனி எவரும் இதில் ஓவி என்னும் மராத்திப் பா எழுதிச் சேர்க்கக் கூடாது என்று எச்சரித்ததும் இக்கட்டுரை பேசும் அடக்கத்தின் பழைய வடிவம். பதினேழாம் நூற்றாண்டில் மகாபாரதத்துக்கு உரை எழுதிய நீலகண்ட சதுர்தரரும் மராட்டியப் பகுதியைச் சேர்ந்தவரே; பல நாட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு நல்ல பாடங்களைத் தேர்ந்ததாக அவரே குறிப்பிடுகிறார். ஆனால் அவர் எதை எந்த அடிப்படையில் விலக்கினார் என்பதை அவருடைய வாசகர் அறிய வழியில்லை. ஏகநாதரும் நீலகண்டரும் கொண்டிருந்த நேர்மையோடு, அதை வெளியில் காட்டும் கருவிகளைச் சுக்தங்கர் தலைமுறை சேர்த்தது என்று சொல்வதே பொருந்தும்.

முறைக்கும் எல்லை உண்டு என்பதை அதன் விமர்சகர்கள் விடாமல் நினைவூட்டினார்கள். பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி, நீலகண்டரின் வழக்குப் பாடத்தை அப்படியே வைத்து வேறுபாடுகளைக் கீழே தருவது போதும் என்று கருதினார். புதிதாகக் கட்டமைத்த பாடம் எந்தச் சுவடியிலும் எந்தக் காலத்திலும் அதே வடிவில் இருந்ததில்லையே என்பது அவர் தரப்பின் பலம். 1960-களின் இறுதியில் மாதலேன் பியார்தோ இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பினார்: வாய்மொழியாக ஊருக்கு ஊர் வளர்ந்த ஓர் இதிகாசத்துக்கு ஒற்றை மூலம் ஒன்று இருந்தது என்று வைத்துக்கொண்டு தேடுவதே சரியா? இந்தக் கேள்விக்கு முழுமையான விடை இன்றும் இல்லை. சுவடிகள் ஒன்றையொன்று கலந்து வந்திருப்பதால் தூய மரபு என்று எதையும் பிரிக்க முடியாது என்ற இடர்ப்பாட்டைச் சுக்தங்கரே ஒப்புக்கொண்டிருந்தார். தெருக்கூத்தையும் திரௌபதி அம்மன் கோயில்களின் தீமிதி விழாக்களையும் அறிந்த தமிழருக்குப் பியார்தோவின் ஐயம் எளிதில் விளங்கும். அந்தப் பாரதம் பழைய சுவடியிலிருந்து விலகிப்போன பிழை அன்று, தனக்கென உயிருள்ள பாரதம். செம்பதிப்பு எழுத்து மரபின் ஒரு பகுதிக்கு மட்டுமே விளக்கம் தருகிறது என்று கொண்டால் இரண்டு தரப்புக்கும் மோதல் குறைகிறது. ஆயினும் வழக்குப் பாடத்தையே அச்சிட்டிருக்கலாம் என்ற லெவியின் யோசனை ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டிய இடத்தில் தீர்ப்பை வாசகர் தலையில் சுமத்துவது அடக்கத்தின் தோற்றம் மட்டுமே கொண்டது.

புனேவாசியான தாமோதர தர்மானந்த கோசாம்பி, தொழிலால் கணித அறிஞர், இதே நெறியை வேறு வழியில் கூர்மையாக்கினார். பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் சதகங்களை 300-க்கும் மேற்பட்ட சுவடிகளைக் கொண்டு 1948-இல் பதிப்பித்தபோது, அவர் பாடல்களை உறுதியின் அளவைப் பொறுத்தே மூன்று பிரிவாக்கினார்: எல்லா மரபுகளும் பொதுவாக ஏற்கும் 200 பாடல்கள் முதலில், பல மரபுகளில் இருந்தும் ஐயத்துக்குரியவை அடுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமான சுவடிகளில் மட்டும் காணப்படுபவை இறுதியில். நூலின் பக்க வரிசையே இங்கே நிச்சயத்திலிருந்து ஐயத்தை நோக்கிச் செல்கிறது. சுக்தங்கர், கோசாம்பி இருவருமே கணிதத்தில் பயிற்சி பெற்றவர்கள் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். 'அநேகமாக' என்ற சொல்லுக்கு அளவு உண்டு என்பதை அந்தப் பயிற்சி கற்பித்திருக்கவும் கூடும்.

தமிழில் இதற்கு இணையான வரலாறு உ. வே. சாமிநாதையருடையது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவருடைய படிப்பை விசாரித்து, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனை. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணங்களும் கரைத்துக் குடித்த ஒருவருக்கு, தம் மொழியின் பெருநூல்களே தமக்குத் தெரியாது என்பது அன்று தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அறிவுடைமை: சமண நூலாகிய சிந்தாமணியைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று கேட்டுக் கற்றார், 1887-இல் அதைப் பதிப்பித்தார். 1894-இல் வந்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்பதும், சிதைந்த அடிகளில் எழுத்துகள் இருந்த இடம் புள்ளிகளால் நிற்பதும் வாசகர் கண்ணில் படுகின்றன. சங்கப் பாட்டின் நடையில் நான்கு சீர் எழுதி அந்த இடைவெளியை நிரப்ப அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் நிரப்பாமல் விட்டதனால்தான் மற்ற அடிகளை இன்று ஐயமின்றிப் படிக்க முடிகிறது. வள்ளுவர் புல்லறிவாண்மையில் சொன்ன வேலி இதுவே.

எல்லையை ஏற்றுக்கொள்வதில் காலத்தின் எல்லையும் அடங்கும். புனே டெக்கான் கல்லூரியில் எஸ். எம். காத்ரே 1948-இல் தொடங்கிய வரலாற்று முறையிலான வடமொழிப் பேரகராதிக்காக, வேதம் தொடங்கி ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து சொற்கள் எடுக்கப்பட்டு ஒரு கோடி அளவுக்கு அட்டைக் குறிப்புகள் சேர்ந்தன. ஒரு சொல் எந்த நூற்றாண்டில் என்ன பொருளில் வழங்கியது என்பதை அந்த அட்டைகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். சேகரிப்புக்கே கால் நூற்றாண்டு பிடித்தது. முதல் தொகுதி 1976-இல் தொடங்கி வெளிவந்தது. அதன்பின் பல பகுதிகள் வந்தும் வேலை இன்னும் முதல் உயிரெழுத்தைக் கடக்கவில்லை. தம் வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தே பலர் அதில் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறார்கள். சுக்தங்கருக்கும் முடிவைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. மகாபாரதத்தின் பொருளைப் பற்றிப் பம்பாயில் நான்கு சொற்பொழிவுகள் ஆற்ற ஒப்புக்கொண்டு மூன்றை முடித்த நிலையில் 1943 ஜனவரி 21 அன்று மறைந்தார். பதினெட்டு ஆண்டுகள் எழுத்தையும் அசையையும் எடைபோட்டவர், இதிகாசம் என்ன சொல்கிறது என்ற பெரிய கேள்விக்கு அதன் பிறகே வந்தார் என்பது அவருடைய வரிசைமுறையைக் காட்டுகிறது.

இந்த நெறியை மொழித்துறைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாகாது. புனே வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர், பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையினர் முதலியோர் சேர்ந்து 2008-இல் ஒரு சோதனை நடத்தினர். நன்றாகப் படிக்கும் 100 மாணவர், மனவளர்ச்சி குன்றிய 100 மாணவர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு ஜோதிடருக்கும் நாற்பது ஜாதகங்கள் அனுப்பி, எது எந்த வகை என்று கேட்டார்கள். விடையனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. காசைச் சுண்டினாலே பாதி சரியாகிவிடும். இங்கே குறிப்பிடத்தக்கது ஜோதிடத்தின் தோல்வி மட்டுமன்று. சோதனையாளர்கள் தங்கள் கேள்வியைக் குறுக்கி, எந்த விடை வந்தால் தங்கள் ஐயம் பொய்யாகும் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டார்கள்; எதிர்காலம் முழுவதையும் அறிவதாகச் சொல்லும் கலையிடம் அத்தகைய எல்லை இல்லை.

எல்லை அறியாத உறுதி எவ்வளவு தீங்கானது என்பதைப் பண்டார்கர் நிறுவனம் நேராகவே அனுபவித்தது. சிவாஜியைப் பற்றிய ஓர் ஆய்வு நூலுக்கு உதவியதாகக் கூறி 2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் உள்ளே புகுந்து நூல்களையும் அரிய பொருள்களையும் சேதப்படுத்தியது. தாக்கியவர்களுக்கு ஐயம் என்ற ஒன்றே இல்லை. ஐயங்களைப் பாதுகாத்து வைத்த இடம் அவர்கள் கையில் சிக்கியது. அது இந்நாட்டு அறிவுலகத்துக்கு நேர்ந்த பெரும் துயரம்.

அதைவிட மெல்லிய, ஆனால் பரவலான ஆபத்து செம்பதிப்பைப் போற்றுவோரிடமிருந்தே வருகிறது. கண்ணன் ஆடை தரவில்லை என்று புனேப் பதிப்பு நிரூபித்துவிட்டது என்றும், கலப்படமற்ற வியாச பாரதம் அதுவே என்றும் இன்று மேடைகளிலும் விவாதங்களிலும் அடித்துச் சொல்லப்படுகிறது. பதிப்பாசிரியர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது, அவர்கள் பாடுபட்டுக் காத்த நம்பகத்தன்மையைச் செலவழிப்பதாகும். இதற்கு மாறாக, டெக்கான் கல்லூரியில் மானுடவியல் கற்பித்த ஐராவதி கர்வே 1967-இல் மராத்தியில் எழுதிய 'யுகாந்தா', செம்பதிப்பை அடிப்படையாகக் கொண்டு பாத்திரங்களைத் துணிவோடு மறுபரிசீலனை செய்தபோதும், தருமரின் தந்தை விதுரராக இருக்கக்கூடுமோ என்ற தம் ஊகத்தைத் தலைப்பிலேயே கேள்விக்குறியிட்டு வைத்தது. நெளிகோட்டின் மரபு அது.

மொழிபெயர்ப்புகளில் இந்த மரபு தேய்ந்துவிடுகிறது. வான் பைட்டனன் 1973-இல் தொடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பும், பிபேக் தேப்ராய் 2010 முதல் 2014 வரை பத்துத் தொகுதிகளில் வெளியிட்டதும் செம்பதிப்பைப் பின்பற்றியவை. மேலே உள்ள சுலோகம் மொழிபெயர்கிறது, கீழே உள்ள நெளிகோடும் சுவடிப் பட்டியலும் பெரும்பாலும் மூலத்திலேயே தங்கிவிடுகின்றன. தமிழில் கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் பல ஆண்டு உழைத்து வெளியிட்ட உரைநடைப் பாரதம் தென்னாட்டுப் பாடங்களுக்கு இடம் தந்த பெரும் முயற்சி. ஆனால் அது செம்பதிப்பு நிறைவுறுவதற்கு நெடுங்காலம் முன்பே வந்தது. செம்பதிப்பைத் தமிழில் தர எவரேனும் முன்வந்தால், நடை பழந்தமிழா எளிய தமிழா என்ற கேள்விக்கு முன்னதாகவே, பதிப்பாசிரியர் ஐயுற்ற சொற்களைத் தமிழ்ப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது, கிரந்தச் சுவடிகளில் மட்டும் உள்ள கதைகளை அடிக்குறிப்பில் வைப்பதா தனித் தொகுதியாக்குவதா என்பவற்றை அவர் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கதைகளில் பல தஞ்சையிலும் மலையாள நாட்டிலும் ஓலையில் எழுதிக் காத்தவர்களின் வழியாகவே வந்தவை ஆதலால், தமிழ்ப் பதிப்பில் அவற்றுக்கு ஆங்கிலத்தில் கிடைத்ததைவிடக் கூடுதலான பக்கங்கள் ஒதுக்குவது நியாயம்.